சி பிளாக் சுவரில் ஒரு டவுன் பஸ்

டிரைவர் அத்தையை நினைக்கும்போதெல்லாம், அவர் சுவரைத் துடைத்துக்கொண்டு நிற்கும் காட்சிதான் முதலில் வருகிறது. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரும் கிழிந்த வேட்டித் துணியுமாக சி பிளாக்கின் பக்கச் சுவருக்கு வருவார். அங்கே துணி துவைக்கும் கல் ஒன்று கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றால்தான் அவருக்கு எட்டும். சுவர் முழுக்க ஒரு நீல நிற டவுன் பஸ் வரையப்பட்டிருந்தது. அதன் முன்பக்கத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, உயிரோடு இருந்த அளவிலேயே அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். அத்தை அவர் முகத்தை மட்டும் துடைப்பார். நெற்றியிலிருந்து ஆரம்பித்துக் கன்னம், காதோரம், கழுத்து என்று, காய்ச்சல்காரருக்குத் துடைத்துவிடுவதுபோல மெதுவாகத் துடைப்பார். அவருடைய மகள், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவர், இதைப் பார்த்தால் சலித்துக்கொள்வார். "தொடச்சுத் தொடச்சு அப்பாவுக்கு மூக்கே தேஞ்சு போச்சும்மா. எத்தனை வாட்டி நான் மூக்கு வரையறது?" அத்தை துணியைப் பிழிந்துகொண்டே, "ரோட்டுப் புழுதி பூராவும் மூஞ்சீல அடிக்குது கண்ணு. பாத்துட்டு சும்மா இருக்க முடியுதா?" என்பார்.

எங்கள் குடியிருப்பு கோயமுத்தூரில் திருச்சி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. அரசாங்கம் கட்டி, குடியிருந்தவர்களுக்கே தவணையில் விற்ற வீடுகள். சின்னச் சின்ன வீடுகள், பொதுக் குழாய், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் சிறுவாணித் தண்ணீர். அப்பா பக்கத்து மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். எங்களுக்கு நேர் கீழ் வீடு டிரைவர் மாமாவுடையது. உறவு எதுவும் கிடையாது. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் மாமாவும் அத்தையும்தான். மாமா உக்கடத்துக்கும் ஒண்டிப்புதூருக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டினார். எங்கள் தெரு முனையில் ஸ்டாப் கிடையாது. ஆனாலும் எங்கள் குடியிருப்புப் பெண்கள் யாராவது சாக்குப்பையும் குழந்தையுமாக வண்டியில் இருந்தால் அங்கே ஒரு கணம் நிறுத்துவார். அதற்காக டிப்போவில் பலமுறை பேச்சு வாங்கியிருக்கிறார். ஒருநாள் ஷிப்ட் முடித்து வந்தவர், குளிக்கச் சுடுதண்ணீர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அத்தை தண்ணீரை விளாவி வைத்துவிட்டு வந்து கூப்பிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் மாமாவின் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அதில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, யாரோ திட்டியது போன்ற முகத்தோடு இருந்தார்.

சுவர் ஓவியம் வந்தது அதற்கு அடுத்த கோடை விடுமுறையில். சி பிளாக்கின் அந்தப் பக்கத்தில் சன்னல் எதுவும் இல்லை. தெருவைப் பார்த்த வெற்றுச் சுவர். கட்சிப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், மூலக் கடுப்பு விளம்பரம் என்று ஒட்டாதது எதுவும் இல்லை. இருட்டினால் போகிற வருகிற ஆண்கள் அங்கேயே ஒதுங்குவார்கள். நாற்றம் தாங்காமல் குடியிருப்புச் சங்கத்தில் பேச்சு எழுந்தது. சாமி படம் வரைந்துவிட்டால் யாரும் ஒதுங்க மாட்டார்கள் என்றார் ஒருவர். எந்தச் சாமி என்று பேச்சு நீண்டது. டவுன்ஹால் பக்கத்தில் ஒரு கடையில் போர்டு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "சாமி வேண்டாமுங்க. நம்மளையே வரைஞ்சு போடறேன். நம்ம மூஞ்சி மேல எவன் வந்து ஒதுங்கறான்னு பாக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்படித்தான் அது தீர்மானமானது. கடையில் மிச்சம் கிடந்த பெயின்டில் நீலம்தான் நிறைய இருந்தது. அதனால் பஸ் நீலமாயிற்று.

அந்தக் கோடை முழுவதும் அக்கா சாரத்தின்மேல் இருந்தார். கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு ஒவ்வொரு வீட்டுக்காரர்களாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்தார். சன்னல் சீட்டுக்குச் சண்டை நடந்தது. அம்மா தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்பாவால் கொஞ்ச நேரம்கூட சும்மா உட்கார முடியாது. பேப்பரை விரித்துக்கொண்டார். அக்கா அப்படியே வரைந்துவிட்டார். மூன்றாவது சன்னலில் பாதி பேப்பர், பாதி அப்பா. எனக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு வரையச் சொல்லிக் கெஞ்சினேன். வரைந்து முடித்துப் பார்த்தபோது ஓட்டைப் பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க அழுதேன். பின்படியில், பையும் விசிலுமாக, கண்டக்டராக நின்றவர் பாய் மாமா. தெருமுனையில் பேக்கரி வைத்திருந்தார். டிரைவர் மாமாவுக்கு உயிர்த் தோழர். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் இருவரும் ஒன்றாக டீ குடிப்பார்கள். "ஏனுங்க பாய், டிக்கெட் குடுக்கறீங்களா?" என்று அதன்பிறகு தெருவே அவரைக் கேலி செய்தது. அவரும் அசராமல், "சில்லறை வெச்சிருக்கீங்களா?" என்பார்.

டிரைவர் சீட் மட்டும் கடைசிவரை காலியாக இருந்தது. சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வட்டம், அவ்வளவுதான். யார் அங்கே வரப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அத்தை அந்தப் பக்கமே வருவதில்லை. குழாய்க்குப் போவதென்றால்கூட ஏ பிளாக்கைச் சுற்றிக்கொண்டு போவார். பள்ளி திறப்பதற்குச் சற்று முன்பு ஒரு காலைப்பொழுதில் மாமா அங்கே உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, மடித்துவிட்ட கை, வெற்றிலை போட்டதால் ஒரு பக்கம் லேசாக உப்பிய கன்னம். அடையாள அட்டையில் இருந்த ஆள் இல்லை இது. தெரு முனையில் நிறுத்தி, "சீக்கிரம் எறங்குங்க தாயி, எனக்குத்தான் பேச்சு உழுகும்" என்று சொல்லும் மாமா. பால் வாங்க வெளியே வந்த அத்தை, கூட்டத்தைப் பார்த்து வந்து நின்றார். பாய் மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு அத்தை மகளிடம், "மேல் பொத்தானப் போடாம உட்டுப்போட்டயே அம்மணி" என்றார். சாரத்தின்மேல் இருந்த அக்கா, "அப்பா என்னிக்கும்மா அதப் போட்டாரு?" என்றார். அத்தை அப்போதுதான் அழுதார். மாமா இறந்த அன்று அழாத அழுகை அது என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

அதன்பின் அந்த பஸ் எங்கள் எல்லோருடையதும் ஆகிவிட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்கள் தங்களையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். குழந்தைகள் பிறந்தார்கள், அம்மாக்களின் மடியில் ஏறினார்கள். சன்னல் போதாமல் நடுவே நிற்கிறவர்களும் தொற்றிக்கொண்டு போகிறவர்களுமாக பஸ் நிறைந்தது. அக்கா கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்குப் போன பிறகும், ஊருக்கு வரும்போதெல்லாம் பிரஷ்ஷும் டப்பாவுமாக இறங்குவார். இடையில் சிலர் செத்துப்போனார்கள். செத்தவர்களை அழித்துவிடுவதுதான் நல்லது, குழந்தைகள் பயப்படும் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். அக்கா அவருக்கு மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "ஏறினவங்களை நான் எப்படீங்க எறக்கி உடறது?" அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை. என் அப்பாவும் அப்படிப் போனவர்களில் ஒருவரானார். அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாவது சன்னலுக்குக் கீழே சற்று நின்றுவிட்டு வருவதை நான் பல நாட்கள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். இறங்கிப் போய் அவருடன் நிற்க வேண்டும் என்று ஒருபோதும் தோன்றியதில்லை. அது அவர்கள் இருவருக்கும் உள்ளது என்று விட்டுவிட்டேன்.

கட்டடம் எங்களோடு சேர்ந்து மூப்படைந்தது. மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்தது. மழைக்காலத்தில் சுவிட்சைத் தொடப் பயப்பட வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி வந்து, படி ஏறி இறங்க முடியாமல் வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். ஆகவே மூன்று பிளாக்குகளையும் இடித்து, லிஃப்ட் வைத்து, அடுக்குமாடியாகக் கட்டலாம், ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் பெரிய வீடு, மீதியை வெளியாட்களுக்கு விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு கட்டுமானக்காரர் வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். அதை இன்று மறைப்பதில் அர்த்தமில்லை. நானும்தான் மகிழ்ந்தேன். எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். அத்தை மட்டும் போடவில்லை.

முதலில் கெஞ்சினார்கள். பிறகு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தாலும் பேச்சில் 'ங்க' குறைவதில்லை. "ஒருத்தருக்காக எல்லாரும் இடிஞ்சு உழுந்து சாகோணுமுங்களா?" என்று மரியாதையாகவே கேட்டார்கள். அத்தைக்கு என்மேல் பிரியம் என்பதால் என்னை அனுப்பினார்கள். நான் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். "எனக்கு யார் மேலயும் வருத்தமில்ல கண்ணு. உங்கொம்மா மாடிப்படில உக்காந்து உக்காந்து எறங்கறத நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். அந்தச் செவுத்த மட்டும் உட்டுட்டுக் கட்ட முடியுமான்னு கேட்டுச் சொல்லு. நாளைக்கே போட்டுத் தாரேன்" என்றார். நான் கட்டுமானக்காரரின் இன்ஜினியரிடம் கேட்டேன். நல்ல மனிதர். வந்து பார்த்தார். ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, அது கட்டடத்தைத் தாங்குகிற சுவர், கட்டடம் போனால் அது தனியாக நிற்காது என்றார். அத்தையிடம் அதைச் சொன்னேன். "அப்படீங்களா" என்றார். கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

ஐப்பசி அடைமழையில் முதல் மாடி நடைபாதையின் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. அங்கே விளையாடிக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண் குழந்தை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் ஓர் இளம் தம்பதியின் மகள். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. நல்லவேளை, தலையில் விழவில்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடியவர் அத்தைதான். அம்மாவைப் போலவே வலி பிடித்திருந்த அந்த முழங்காலோடு எப்படிப் படியேறினார் என்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியவரும் அவர்தான். அதன் அம்மா வேலையிலிருந்து வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போனபோது அவருடைய சேலை முழுக்கச் சுண்ணாம்புத் தூள் அப்பியிருந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் சம்மதப் பத்திரம் இருந்தது. பேனா கேட்டார். அம்மா அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. "பிரேக் புடிக்காத வண்டிய எடுக்க மாட்டேன்னு டிப்போவுல சண்டை போட்டவரு எங்க ஊட்டுக்காரரு. தெரியுமில்ல உனக்கு? ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும்னு வண்டியத் தொடாம வந்து ஊட்டுல உக்காந்துட்டாரு. அவரு இருந்திருந்தா மொத கையெழுத்து அவருதான் போட்டிருப்பாரு. நாந்தான் அவரு பேரச் சொல்லிட்டு, அவருக்கு ஆகாதத செஞ்சுபோட்டேன்" என்றார். நின்றபடியே சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீடுகளைக் காலி செய்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எங்கெங்கோ போய்விட்டவர்கள் எல்லாம் வந்தார்கள். அவிநாசியிலிருந்து, சத்தியமங்கலத்திலிருந்து, ஒருவர் பெங்களூரிலிருந்தே வந்தார். அவரவர் சன்னலுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலை நரைத்தவர்கள் மேலே அரை டவுசரில் இருந்தார்கள். என் ஓட்டைப் பல்லுக்குக் கீழே நின்று நானும் எடுத்துக்கொண்டேன். அம்மாவை மூன்றாவது சன்னலுக்குக் கீழே நிறுத்தினேன். அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரியை மகனிடம் விட்டுவிட்டுக் கரும்புக்கடை என்னும் பகுதிக்குக் குடிபோயிருந்த பாய் மாமாவைப் பேரன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. சுவரைக் கையால் தடவித் தடவிப் பின்படிக்குப் போனார். தன் காக்கிப் பையைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தார். பிறகு அங்கிருந்தே முன்பக்கம் திரும்பி, "ரைட்" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

இன்ஜினியர் தன்னால் முடிந்ததைச் செய்தார். டிரைவர் சீட் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து எடுத்துத் தரப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அக்கா உடுமலையிலிருந்து வந்திருந்தார். அறுக்கும் இயந்திரம் சுவரில் பட்டதும் நீலப் புழுதி கிளம்பியது. ஒரு பக்கம் அறுத்தார்கள். மறுபக்கம் பாதி வந்தபோது, உள்ளே ஊறிப்போயிருந்த காரை பொலபொலவென்று உதிர்ந்தது. முதலில் ஸ்டியரிங், பிறகு கை, பிறகு தோளோடு சேர்ந்து முகம். தரையில் விழுந்தபோது அது வெறும் மண்தான். வேலையாட்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தவறு செய்தவர்கள்போல நின்றார்கள். அக்கா குனிந்து ஒரு பெரிய சில்லை எடுத்தார். அதில் காக்கி நிறம் இருந்தது. எந்த இடத்துக் காக்கி என்று சொல்ல முடியவில்லை. "வெச்சிருங்கம்மா" என்று நீட்டினார். அத்தை வாங்கவில்லை. "எங்க கொண்டுபோய் வெக்கறது கண்ணு? போட்டுரு" என்றார். பிறகு அந்த வேலையாட்களைப் பார்த்து, "நீங்க வெசனப்படாதீங்க. பழைய செவுரு. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். குடத்திலிருந்து அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். அந்த மோரை அவர் காலையிலேயே கலந்து எடுத்து வந்திருந்தார்.

கட்டி முடிக்க அவர்கள் சொன்னதைவிட அதிகக் காலம் பிடித்தது. பாய் மாமா அதற்குள் போய்விட்டார். அத்தை உடுமலையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, சாவி கொடுத்ததும் திரும்பி வந்தார். ஏழாவது மாடி. வெளிச்சமான வீடு, கையகலப் பால்கனி, சொட்டாத கூரை. அக்கா, காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஓரத்தில் சின்னதாக மறுபடி வரைந்து தருகிறேன் என்று புதிய சங்கத்தில் கேட்டார். அங்கே இப்போது பாதிக்குமேல் புதியவர்கள். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. கட்டடம் முழுக்க ஒரே நிறம் இருக்க வேண்டும் என்று விதி, ஒருவருக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றார்கள். சரியான நியாயம்தான். யாரோ ஒரு டிரைவர், யாரோ ஒரு பேப்பர் படிக்கிறவர், அவர்களுக்கு அதற்குமேல் என்னவாகத் தெரிந்திருக்க முடியும்?

சென்ற மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். ஹாலில் அந்த அடையாள அட்டைப் படம் மாட்டியிருந்தது. காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர், அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு மொகம் எனக்கு மறந்து போச்சு கண்ணு" என்றார். நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. "நெசமாத்தான். கண்ண மூடுனா செவுருதான் வருது. அந்தச் செவுத்துல இருந்தவருதான் அவருன்னு ஆகிப்போச்சு எனக்கு. இப்பச் செவுரும் போச்சா, ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டாங்க. இந்தப் போட்டோவுல இருக்கறது ஆரோ மாதிரி இருக்குது." என் கைபேசியில் அன்று எடுத்த படங்கள் இருந்தன. பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு மாமா தெரிந்தார். இன்னும் பெரிதாக்கினால் கலைந்து வெறும் நிறமாகிவிட்டது. "சின்னதா இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். என் அப்பாவின் சன்னலை அன்று நான் தனியாக எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்த ஒரே படத்திலும் அம்மாவின் தலை பேப்பரை மறைத்திருந்தது.

வழியனுப்ப அத்தை என்னோடு கீழே இறங்கி வந்தார். சி பிளாக் சுவர் இருந்த இடத்தில் இப்போது நிலத்தடிக்குக் கார்கள் இறங்கும் சரிவுப்பாதை இருக்கிறது. அதன் வாயில் அருகே வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு நின்றார். மாலை வேலை முடிந்து கார்கள் வரும் நேரம். வாசலில் நின்றிருந்த காவலாளி வடக்கிலிருந்து வந்தவர், தமிழ் அவ்வளவாக வராது. ஓடிவந்து, "அம்மா, இங்க நிக்காதே. வண்டி வரும், வண்டி" என்றார். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். "வண்டி நின்ன எடந்தான் கண்ணு இது" என்றார். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்துத் தலையாட்டி, அத்தையின் முழங்கையைப் பிடித்து மெதுவாக ஓரத்துக்குக் கூட்டிவந்தார். வெள்ளைக் கார் ஒன்று எங்களைக் கடந்து சரிவில் இறங்கியது. அதன் விளக்கு உள்சுவரில் பட்டு நகர்ந்து மறையும்வரை அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, நீ பாத்துப் போ கண்ணு. நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார்.